உபாத்தியாயரும் சட்டசபையும்: ஸ்ரீநிவாச சாஸ்திரியார் சரிதம்

பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவர் சட்டசபை புகின், தம் பழைய தொழிலினின்றும் எதனை உடன்கொண்டு செல்வர்? மதுரையிலும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஆசிரியத் தொழில் ஏற்கவிருக்கும் மாணவர் நம்மிடையே உளராதலின், மகாகனம் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியாரின் வாழ்க்கையைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

சாஸ்திரியார் 1869-ஆம் ஆண்டில், கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில், வறிய வைதிகக் குடும்பத்திற் பிறந்தார். கும்பகோணம் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்று, மாயவரம், சேலம் முதலிய ஊர்களில் ஆசிரியராக அமர்ந்தார். பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பாடசாலையின் தலைமை உபாத்தியாயரானார். 1907-இல் அப்பதவியைத் துறந்து, கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்தார். 1915-இல் கோகலே காலமாக, அச்சங்கத்தின் தலைமை இவர்பால் வந்தது.

1916-இல் இந்தியாவின் மத்திய சட்டசபையில் அங்கத்தினரானார். விசாரணையின்றி மக்களைச் சிறைவைக்க இடந்தரும் ரௌலட் மசோதா 1919 பிப்ரவரியில் அச்சபைக்கு வந்தபோது, அடக்குமுறை தொடங்கின் குற்றமற்றவர்க்கும் காவல் இல்லை என்பதை, வகுப்பில் கடினமான பாடத்தை விளக்குவார்போல, படிப்படியாக எடுத்துரைத்தார். அச்சொற்பொழிவு நாடெங்கும் புகழ்பெற்றது. எனினும் உத்தியோக அங்கத்தினரின் பலத்தால் அம்மசோதா மார்ச்சு மாதத்தில் சட்டமாயிற்று.

வகுப்பில் நியாயத்தை விளங்கச் சொன்னால் மாணவர் ஏற்பர்; கேட்க விரும்பாத அரசாங்கமோ எத்துணை விளக்கினும் ஏலாது. இவ்வேற்றுமையைக் கண்ட காந்தியடிகள் சத்தியாக்கிரகத்தை மேற்கொண்டார். சாஸ்திரியார் அவ்வழிச் சேராது, வாதத்தின் வலிமையையே பின்னும் நம்பினார். அதனால் மிதவாதி என்று இகழப்பட்டார். அவ்விகழ்ச்சி முற்றிலும் காரணமற்றது என்று நாம் கூறோம்.

ஆயினும் அவர் ஆசிரிய உள்ளம் வேறோரிடத்திற் பயன் தந்தது. 1927-இல் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா சென்றவர், ஆங்குள்ள இந்தியச் சிறுவர்க்கு உயர்தரக் கல்வி வசதி குறைந்திருத்தல் கண்டு, அந்நாட்டு இந்தியரிடமே பொருள் திரட்டினார். அம்முயற்சியால் டர்பன் நகரில் 1929-இல் திறக்கப்பட்ட வித்தியாசாலை, 'சாஸ்திரி கல்லூரி' என்று அவர் பெயரையே பெற்றது. ஆசிரியரைப் பயிற்றுவிப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கி, 1946-இல் அவர் இயற்கை எய்தினார்.

சட்டசபையில் அவர் தடுக்க முயன்ற மசோதா நிறைவேறிவிட்டது; கடல் கடந்து அவர் எழுப்பிய கலாசாலையோ தலைமுறை தலைமுறையாக மாணவரை ஆளாக்கிற்று. ஆதலின், ஆசிரியத் தொழிலைப் பெரும்பதவிக்கு ஏறும் படியென மட்டும் நம் மாணவர் கருதற்க. பதவி எதுவாயினும், அங்கிருந்து ஒரு பள்ளியேனும் எழச் செய்தலே ஆசிரியராயிருந்தார்க்கு அழகு.