செவ்வரத்தையின் நிறத்தை மட்டும் விட்டுவைத்தல்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் – படங்களைப் பதிப்பித்தல்

மாணவர்களே, வாழ்த்தட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் படம் முழுவதும் கறுப்பு வெள்ளையாகவும் ஒரு பூ மாத்திரம் சிவப்பாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது கறுப்பு வெள்ளைப் படத்தில் பூவுக்கு நிறம் பூசிப் பெற்றதன்று. நிறப்படம் ஒன்றில் பூவைத் தவிர்ந்த ஏனைய பகுதிகளின் நிறம் நீக்கப்பட்டுள்ளது. பயிற்சி விடைகளில் பலர் இதனைத் தலைகீழாக எழுதுகின்றனர்.

முழுப்படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பெறுமானங்கள் உண்டு; ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. சாம்பல் நிறப் பெறுமானத்தைப் பெற வழமையாகப் பயன்படும் ஒரு சூத்திரம்:

சாம்பல் = 0.299 × சிவப்பு + 0.587 × பச்சை + 0.114 × நீலம்

செவ்வரத்தை இதழின் ஒரு புள்ளி 220, 20, 50 எனவும், இலையின் ஒரு புள்ளி 45, 110, 25 எனவும் கொள்வோம். இதழுக்கு 83 வரும். இலைக்கு 81 வரும். கண்ணுக்கு இவ்வளவு வேறுபட்ட இரு நிறங்களும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிட, பூ இலைகளுக்குள் மறைந்துவிடும். (மென்பொருளுக்கேற்ப இக்குணகங்கள் மாறுபடலாம்.) ஆகவே பூவின் நிறத்தைப் பேணுவது அலங்காரத்துக்காக மாத்திரமன்று.

இனிச் செய்முறை. கிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்தவுடன் முதலில் படையின் பிரதியொன்றை எடுங்கள். மேலேயுள்ள பிரதியில் மந்திரக்கோல் வடிவக் கருவியால் இதழைச் சொடுக்குங்கள். இக்கருவி சொடுக்கிய புள்ளியுடன் தொடர்ச்சியாக உள்ள, அதனையொத்த நிறப் புள்ளிகளை மாத்திரம் தெரிவுசெய்யும். நிறத்தால் தெரிவுசெய்யும் மற்றைய கருவியோ படம் முழுவதிலும் உள்ள அந்நிறத்தைப் பிடிக்கும். பின்னால் சிவப்பு வாளி இருந்தால் அதுவும் சேர்ந்துவிடும். இவ்விரண்டின் வேறுபாட்டை நன்கு மனதில் இருத்துங்கள்.

இதழின் அடிப்பகுதி கருஞ்சிவப்பாக இருப்பதால் ஒரு சொடுக்கில் முழுப்பூவும் அகப்படாது. எல்லைப் பெறுமானத்தை 15 இலிருந்து சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அல்லது ஷிப்ட் சாவியை அழுத்தியபடி விடுபட்ட இடங்களைச் சொடுக்கிச் சேருங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் இலையும் உள்ளே வந்துவிடும். பின்னர் தெரிவை நேர்மாறாக்கி (கன்ட்ரோல் + ஐ), நிறம் நீக்கும் கட்டளையைக் கொடுங்கள்.

இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகின்றனர். செவ்வரத்தையின் நடுவே நீண்டிருக்கும் தண்டில் மகரந்தக்கூடுகள் மஞ்சள் நிறமானவை. சிவப்பை மாத்திரம் தெரிவுசெய்தவருக்கு அவை சாம்பற் பொட்டுகளாகிவிடும். பூ வாடியது போலத் தோன்றும். நிறம் என்று பார்க்காது பூ என்று பாருங்கள். மஞ்சளையும் ஷிப்ட் மூலம் சேர்த்த பின்னரே நேர்மாறாக்க வேண்டும்.

சேமிக்கும்போதும் கவனம் தேவை. என் வகுப்பு மாணவியொருவர் பிரதி எடுக்காமலே வேலையை முடித்து, மூலப்படத்தின் பெயரிலேயே ஜேபெக் கோப்பாக ஏற்றுமதி செய்துவிட்டார். நீக்கிய நிறத்தை அக்கோப்பிலிருந்து மீளப்பெற வழியில்லை. கிம்பின் சொந்தக் கோப்பு வகையில் சேமித்தால் படைகள் அப்படியே இருக்கும்.

மாதிரி வினா: தாவரங்களை இனங்காணும் கையேடு ஒன்றுக்கு இத்தகைய படம் பொருத்தமானதா? காரணம் தருக.

விடை: பொருத்தமற்றது. இலை, தண்டு, அரும்பு ஆகியவற்றின் நிறங்களும் தாவரத்தை இனங்காண உதவும் இயல்புகளாகும். அவை நீக்கப்பட்டுள்ளமையால் வாசகர் தாவரத்தைப் பிழையாக இனங்காணக்கூடும். வாழ்த்தட்டை, சுவரொட்டி போன்றவற்றுக்கு இப்படத்தைப் பயன்படுத்தலாம்.

“பொருத்தமற்றது” என்று மாத்திரம் எழுதி நிறுத்தாதீர்கள். வினா காரணத்தையும் கேட்கின்றது.