துபாய் இடமாற்றம்: குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி: என் கணவர் கொழும்பில் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். ஜனவரியில் துபாய் ஜெபல் அலிக்கு இடமாற்றம் என்று கடிதம் வந்திருக்கிறது. மூன்று வருட ஒப்பந்தம். குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நான் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து, ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மகள் தரம் 2, மகனுக்கு மூன்று வயது. மாமியார் எங்களோடு இருக்கிறார். அவருடைய அண்ணன் குடும்பம் எழுபதுகளில் கோத்தகிரிக்குப் போனது. அதன்பின் அவர்களை இவர் பார்க்கவே இல்லை. “போனவங்க எல்லாரும் திரும்பி வர்றோம்னுதான் சொன்னாங்க” என்று அழுகிறார். வேலையை விட்டுவிட்டு நானும் போவதா? பிள்ளைகளோடு இங்கேயே இருந்துவிடுவதா?
– ஆசிரியை, ஹட்டன்

பதில்: போங்கள், சகோதரி. ஆனால் வேலையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நான்கு பேரும் ஒரே நாளில் விமானம் ஏறவும் வேண்டாம்.

முதலில் உங்கள் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று ஆனது. தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலை நம் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். 1984இல் அந்தக் கப்பலும் நின்றுபோனது. போனவர்கள் இங்கே வாழும் உரிமையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நீங்கள் இலங்கைக் கடவுச்சீட்டோடு, முடியும் திகதி எழுதப்பட்ட ஒப்பந்தத்தோடு போகிறீர்கள். இதை அவருக்கு வாயால் சொன்னால் போதாது. ஒப்பந்தத்தை எடுத்துவைத்து, முடிவுத் திகதி எது, வருடத்துக்கு எத்தனை தடவை ஊருக்கு டிக்கெட் தருவார்கள் என்று வரிவரியாக வாசித்துக் காட்டுங்கள். மகனிடமிருந்து மாதாமாதம் அவர் பெயருக்கே பணம் வரும்படி ஹட்டனில் ஒரு வங்கிக் கணக்கும் திறந்து கொடுங்கள்.

அடுத்தது உங்கள் வேலை. அமீரகத்தில் உங்கள் வதிவிட அனுமதி கணவரின் வேலையைச் சார்ந்தே நிற்கும். அவர் வேலை நின்றால் கொஞ்ச கால அவகாசத்தில் எல்லோரும் கிளம்ப வேண்டும். அப்போது திரும்பி வந்து நிற்க ஓர் இடம் வேண்டும், அது உங்கள் ஆசிரியர் நியமனம். 2022 ஜூனில் அரச ஊழியர்கள் 5 வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம், பணிமூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதகம் இல்லை என்று சுற்றறிக்கை வந்தது. இவ்விதிகள் மாறக்கூடியவை. ஆகவே இன்று நடப்பில் உள்ளது எது என்று ஹட்டன் வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். விடுமுறை அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் நாட்டை விட்டுப் போக வேண்டாம். அங்கே ஆசிரியையாகச் சேர நினைத்தால், பொதுவாகப் பட்டம் கேட்பார்கள். கல்வியியல் டிப்ளோமாவை மட்டும் நம்பி இருக்க முடியாது.

இனிக் கம்பனி. தேயிலை விளையாத துபாய், பல நாட்டுத் தேயிலையைக் கலந்து பொதிசெய்து அனுப்பும் பெரிய சந்தை. ஜெபல் அலியில் 2005 முதல் இதற்கென்றே ஒரு தேயிலை மையம் இயங்குகிறது. உங்கள் கணவரின் தொழிலுக்கு இது நல்ல ஏணி. ஆனால் ‘இடமாற்றம்’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். கொழும்பு வேலை தொடர்கிறதா, அல்லது இங்கே விலகி அங்கே புதிதாகச் சேர்கிறாரா? தொடர்கிறது என்றால், ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் பங்கு 8 வீதமும் கம்பனியின் பங்கு 12 வீதமும் எந்தச் சம்பளத்தில் கணக்கிட்டுக் கட்டப்படும் என்று கேளுங்கள். விலகல் என்றால், இங்கே ஐந்து வருடம் முடித்தவருக்குச் சேர வேண்டிய பணிக்கொடையைத் தீர்த்துத் தரச் சொல்லுங்கள். எப்படியானாலும் புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவர் பதிவு செய்திருக்க வேண்டும்.

குடும்பத்தை ஸ்பான்சர் செய்ய 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது வீட்டோடு 3,000 திர்ஹம் போதும் என்பது அங்குள்ள விதி. விதிக்குப் போதுமான அந்தச் சம்பளம் நான்கு பேர் வாழ்வதற்குப் போதாது. வாடகையே அதை விழுங்கிவிடும். மனைவி மக்களின் மருத்துவக் காப்புறுதியும் ஸ்பான்சர் செய்பவரின் தலையில்தான். எனவே வீடு, பாடசாலைக் கட்டணம், காப்புறுதி, டிக்கெட் ஆகிய நான்கில் கம்பனி எதைத் தரும் என்பது கடிதத்தில் இருக்க வேண்டும். முதல் இரண்டும் இல்லையென்றால் குடும்பத்தை நகர்த்தாதீர்கள்.

பத்திரங்களை இன்றைக்கே எடுத்து வையுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை ஒரு தடவை நிதானமாக வாசியுங்கள். தகப்பன் பெயர் அதில் ஒரு விதமாகவும் அவருடைய அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருப்பது தோட்டங்களில் சாதாரணம். ஓரிடத்தில் முதலெழுத்து மட்டும் இருக்கும், இன்னோரிடத்தில் முழுப்பெயர் இருக்கும். சிங்களத்தில் எழுதியதை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது இன்னோர் எழுத்து மாறியிருக்கும். ‘பெற்றோர் விவாகமானவர்களா?’ என்ற கட்டத்தையும் பாருங்கள். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அங்கே ‘இல்லை’ என்றிருக்கும். அப்படியானால் முதலில் விவாகப் பதிவு, அதற்கேற்பப் பிறப்புப் பதிவில் திருத்தம். இதெல்லாம் பிரதேச செயலகத்தில் தொடங்கும் வேலை, வாரக்கணக்கில் இழுக்கும். அதன்பிறகே மொழிபெயர்ப்பு, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி, பின்னர் அமீரகத் தரப்பின் அத்தாட்சி. பிள்ளைகளின் தடுப்பூசி விவரம் உள்ள கிளினிக் அட்டையையும் மகளின் விடுகைப் பத்திரத்தையும் மறக்க வேண்டாம்.

அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பாடசாலைகள் ஏப்ரலில் தொடங்கும். பிரிட்டிஷ் பாடத்திட்டம் என்றால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். தனியார் பாடசாலைகளில் அரபு கட்டாயப் பாடம். சில இந்தியப் பாடசாலைகளில் தமிழும் உண்டு, விசாரியுங்கள். இல்லாவிட்டாலும், நீங்கள் ஆசிரியை. மூன்று வருடத்தில் மகள் இங்கே திரும்பினால் தமிழில்தான் படிக்க வேண்டும். தமிழ்ப் பாடநூல்களைக் கொண்டுபோய் வீட்டில் தினமும் படிப்பியுங்கள்.

கணவர் ஜனவரியில் போகட்டும். வீடும் பாடசாலையும் உறுதியான பிறகு மார்ச்சில் நீங்கள் போங்கள். ஜூன் தொடங்கினால் வெயில் 40 பாகையைத் தாண்டும். ஹட்டன் குளிரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வெயிலில் போய் இறங்குவதை விட, இரண்டு மாதம் பழகிய பிறகு அதைச் சந்திப்பது நல்லது.

கேள்வி: கொழும்பு ஹோட்டலிலிருந்து டோஹாவுக்கு மாற்றலாகி வந்து மனைவியோடு இருக்கிறேன். எங்களுக்கு முதல் பிள்ளை இங்கேயே பிறக்கப்போகிறது. ஊருக்கு வரும்போது அங்கே பதிந்துகொள்ளலாம்தானே?
– பொகவந்தலாவை வாசகர், டோஹா

பதில்: வேண்டாம், தம்பி. கட்டார் மண்ணில் பிறந்ததால் பிள்ளைக்குக் கட்டார் குடியுரிமை கிடைக்காது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை இலங்கைப் பிரஜையாக வேண்டுமானால், பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். தவறினால், தக்க காரணம் காட்டி மேலிடத்து அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும்.

இதே சட்டம்தான் நம் பாட்டன், பூட்டன் எங்கே பிறந்தார் என்று கேட்டு, இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கியது. நம் பிறப்புச் சான்றிதழில் பாட்டனார் இலங்கையில் பிறந்தவரா என்று கேட்கும் கட்டத்தை இன்றைக்கும் பார்க்கலாம். அந்தப் பிரச்சினை பெருமளவு தீர 2003 வரை ஆனது. அதே வருடத் திருத்தத்தால் தாய் வழியிலும் பிரஜாவுரிமை கிடைக்கிறது. இத்தனை கஷ்டப்பட்டு வாங்கிய உரிமையை அலட்சியத்தால் பிள்ளைக்கு இல்லாமல் ஆக்கிவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரிப் பத்திரம், கட்டார் பிறப்புச் சான்றிதழ், உங்கள் விவாகச் சான்றிதழ், இருவரின் பிறப்புச் சான்றிதழும் கடவுச்சீட்டும் எடுத்துக்கொண்டு, பிள்ளை பிறந்த முதல் மாதமே டோஹாவிலுள்ள இலங்கைத் தூதரகத்துக்குப் போங்கள். ஊருக்கு டிக்கெட் போடுவது அதற்குப் பிறகு.