உற்றுப் பார்க்கும் நாய்

எங்கள் வீட்டு நாய் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாசமா, பிஸ்கட்டுக்கா?

இரண்டும்தான். ஆனால் பாசத்துக்கு ஆய்வகச் சாட்சியே இருக்கிறது!

ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில் மிஹோ நாகசாவா குழுவினர் 30 நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் அரை மணி நேரம் ஒரே அறையில் விட்டு, முன்னும் பின்னும் இரு தரப்பின் சிறுநீரையும் சோதித்தார்கள். நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்த ஜோடிகளில், தாய்-சேய்ப் பிணைப்பில் சுரக்கும் ஆக்ஸிடோசின் நாய்க்கும் கூடியிருந்தது, மனிதருக்கும் கூடியிருந்தது. 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களோ வளர்த்தவர் முகத்தை ஏறெடுத்துப் பார்த்ததே அபூர்வம்.

ஆகவே கூச்சப்படாமல் நீங்களும் பாருங்கள். பார்வை முகத்துக்கும் டப்பாவுக்குமாகத் தாவினால் மட்டும் அது பிஸ்கட் கணக்கு. தெருவில் தெரியாத நாயிடம் இந்தப் பரிசோதனை வேண்டாம், முறைப்பதாக எடுத்துக்கொள்ளும்.