லயத்து வீட்டு மராமத்தும் தீபாவளி விடுப்பும்

கேள்வி: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெற்றோர் குடியிருக்கும் பழைய லயத்து வீட்டை, தீபாவளிக்கு ஒன்றுகூடும் பிள்ளைகள் தங்கள் செலவில் புதுப்பிக்கலாமா? கூரையை மாற்றிப் பின்புறம் ஒரு சமையலறை இறக்கினால் வீட்டின்மீது உரிமை வருமா? பண்டிகையை ஒட்டி விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிக்கப்படுமா?

பதில்: லயத்து வீடு வேலையோடு வருவது, வேலை முடிந்தால் அதுவும் முடிவது. கேமரன் மலையில் 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம் முதல் அடுத்தடுத்து உருவான தோட்டங்கள் வரை, தமிழ்க் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறைகளாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருப்பது அங்கே சாதாரணம். தாத்தா கட்டிய சாமி மேடை வாசலில் இருக்கும். பேரன் நட்ட ரோஜாச்செடி வேலியோரம் இருக்கும். ஆனாலும் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அந்தக் குடியிருப்பு நில உரிமையைத் தராது. மலேசியாவின் தேசிய நிலச் சட்டம் 341ஆம் பிரிவில் இதை நேராகவே சொல்கிறது: பதிவான உரிமையாளருக்கு எதிராக நீண்டகால அனுபோகத்தைக் காட்டி யாரும் நிலத்தைத் தமதாக்கிக்கொள்ள முடியாது. இந்தியாவில் பன்னிரண்டு ஆண்டு அனுபோகம் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அதே விதி இங்கும் உண்டு என்று நம்பிவிடுகிறார்கள். அது தவறு.

வீடு நிர்வாகத்துடையது என்பதால் பழுதும் நிர்வாகத்தின் பொறுப்பே. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 446, தொழிலாளிக்கு வீடு தரும் முதலாளிமீது தெளிவான கடமைகளைச் சுமத்துகிறது. போதிய குழாய் நீரை இலவசமாகத் தர வேண்டும். மின்சாரம் தர வேண்டும். கட்டடத்தை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும். ஒழுகும் தகரக் கூரை, மக்கிய பலகைச் சுவர், இடிந்த கால்வாய் ஆகியவற்றைச் சரிசெய்வது இதில் அடங்கும். பல வீடுகளில் நடப்பது வேறு. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் பிள்ளை தீபாவளி போனஸை அப்படியே கூரைத் தகரமாக மாற்றி லாரியில் ஏற்றி வருகிறார். பெற்றோர்மீது உள்ள பாசத்தில் செய்யும் காரியம் அது, மதிக்க வேண்டியதுதான். ஆனால் சட்டம் நிர்வாகத்தின் தோளில் வைத்த சுமையைக் கொழுந்துக் கூடை சுமக்கும் குடும்பம் பண்டிகைப் பணத்தில் சுமப்பது நியாயமில்லை.

ஆகவே முதல் வேலை மனு. பண்டிகைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, பழுதின் புகைப்படங்களோடு, தோட்ட அலுவலகத்துக்கு மலாய் மொழியில் ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். மண்டோர் எனப்படும் மேற்பார்வையாளரிடமோ கிராணி எனப்படும் எழுத்தரிடமோ வாய்வார்த்தையாகச் சொன்னது பின்னாளில் சாட்சிக்கு நிற்பது அபூர்வம். பதில் வராவிட்டால் அதே நகலோடு ஜாபாத்தான் தெனாகா கெர்ஜா எனப்படும் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். சட்டம் 446ஐ அமல்படுத்துவது அந்த இலாகாதான். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

வெள்ளையடிப்பது, திரை மாற்றுவது, தரையின் வெடிப்பைப் பூசுவது, உளுத்த ஒரு பலகையை மாற்றுவது போன்றவை குடியிருப்பவர் வழக்கமாகச் செய்யும் பராமரிப்பு. சுவரை இடித்து இரண்டு அறையை ஒன்றாக்குவதும் பின்புறம் சமையலறை இறக்குவதும் அப்படியல்ல. அனுமதியில்லாத விரிவாக்கமோ கட்டமைப்பு மாற்றமோ நடக்காமல் பார்த்துக்கொள்ளும் கடமையும் முதலாளிக்கு உண்டு என்று அதே சட்டம் 446 சொல்கிறது. நிர்வாகி மறுத்தால் அதை வீம்பு என்று நினைக்க வேண்டியதில்லை. அனுமதித்தால் எழுத்தில் வாங்க வேண்டும். நிர்வாகத்தின் சம்மதமும் போதாது. 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி கட்டடம் எழுப்பவும் விரிவாக்கவும் மாவட்ட மன்றத்தின் முன்னனுமதி வேண்டும். சமையலறைக்கு இடம் காண வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவை வெட்டினால் 70A பிரிவும் சேர்ந்துகொள்கிறது. அது மண்வேலைக்கான தனி அனுமதி. ஆண்டு இறுதி மழையில் கேமரன் மலைச் சரிவுகள் எப்படி இறங்கும் என்பதை அங்கே வாழ்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாங்குசுவர் இல்லாமல் வெட்டிய பத்தடி மண், விருந்துக்கு வந்த பிள்ளைகள் தூங்கும் அறைமீதுதான் விழும்.

மின்கம்பியிலும் கை வைக்கக் கூடாது. 1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டத்தின் கீழ், புதிய வயரிங் வேலையை எரிசக்தி ஆணையத்திடம் பதிவு பெற்றவரே செய்யலாம். பழைய வீட்டின் ஒரே இணைப்பில் பலகார அடுப்பும் சரவிளக்கும் ஒன்றாக இழுக்கும் நாள் தீபாவளிக்கு முந்திய இரவு. பழைய கூரைத் தகடு ஆஸ்பெஸ்டாஸ் என்ற சந்தேகம் இருந்தால் அதை உடைக்கவோ அறுக்கவோ கூடாது; அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

செலவழித்த பணம் திரும்புமா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் ஏமாற்றமே. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, ஒருவர் இன்னொருவருக்காக இலவச நோக்கமின்றிச் செய்த காரியத்துக்கு ஈடு கேட்க இடம் தருகிறது. சியோ வோங் ஃபாட் வழக்கில் 1967இல் பிரிவி கவுன்சில் இதற்கு நான்கு நிபந்தனைகளைச் சொன்னது: காரியம் சட்டப்படியானதாக இருக்க வேண்டும், இன்னொருவருக்காகச் செய்ததாக இருக்க வேண்டும், இலவசமாகச் செய்யும் எண்ணம் இருந்திருக்கக் கூடாது, அந்த இன்னொருவர் பலனை அனுபவித்திருக்க வேண்டும். குடும்பம் தன் பண்டிகைக்காகச் செய்த மராமத்து இரண்டாவது நிபந்தனையிலேயே தடுமாறும். வேலையே அனுமதியில்லாதது என்றால் முதல் நிபந்தனையும் போய்விடும். நில உரிமையாளரே தூண்டி, நம்பிக்கை கொடுத்து, அதை நம்பி ஒருவர் கட்டியிருந்தால் நீதிமன்றம் நியாய உரிமையைப் பார்க்கும். ஆனால் தூண்டியதை நிரூபிப்பது கட்டியவரின் பொறுப்பு. எனவே பெரிய செலவு என்றால் யார் பொருள் வாங்குவது, வீட்டை விடும்போது எதைக் கழற்றி எடுக்கலாம், எதற்கு ஈடு உண்டு என்பதை ஒரே தாளில் எழுதி, கையெழுத்தும் வாங்கிய பிறகே ஆணி அடிக்க வேண்டும். நிலத்தோடு நிரந்தரமாகப் பிணைந்தது எதுவும் சட்டத்தின் பார்வையில் நிலத்தின் பகுதியே.

அடுத்தது விடுப்பு. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60D பிரிவு ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகளைச் சம்பளத்தோடு தருகிறது. தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசியா தினம் ஆகிய ஐந்தும் கட்டாயம். மீதி ஆறும் அரசிதழில் வந்தவற்றிலிருந்து முதலாளி தேர்ந்து, ஆண்டு தொடங்கும் முன்பே வேலைத்தலத்தில் ஒட்ட வேண்டியவை. கேமரன் மலை அமைந்த பகாங் மாநிலத்தில் தீபாவளி அரசிதழில் உள்ள விடுமுறை. ஆனால் அந்த ஐந்தில் இல்லை. தமிழர் அதிகம் உள்ள தோட்டத்தில் அது ஆறில் ஒன்றாக இருப்பதே இயல்பு என்றாலும், பலகையில் ஒட்டிய தாளை ஜனவரியிலேயே படித்துவிடுவது நல்லது. இரு தரப்பும் ஒப்பினால் அந்த ஆறில் ஒன்றை வேறு நாளுக்கு மாற்றவும் முடியும். விடுமுறை வார ஓய்வுநாளில் விழுந்தால் அடுத்த வேலைநாள் விடுமுறையாகும். பொங்கல் தேசியப் பொது விடுமுறை அல்ல. அதற்கு ஆண்டு விடுப்பைத்தான் எடுக்க வேண்டும். ஆண்டு விடுப்பு இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 8 நாள், ஐந்து ஆண்டுவரை 12 நாள், அதற்குமேல் 16 நாள்.

பலர் சறுக்குவது வேறோர் இடத்தில். பொது விடுமுறைக்கு முந்திய வேலைநாளிலோ பிந்திய வேலைநாளிலோ முன்சம்மதம் இல்லாமல் வராவிட்டால், தக்க காரணம் இல்லாதவரை அந்த விடுமுறைச் சம்பளமே போய்விடும். கூரை வேலை முடியவில்லை என்று மறுநாளும் நின்றுவிடுவது தக்க காரணமாகாது. மண்சரிவால் தாப்பா–ரிங்லெட் சாலை அடைபட்டு ஊர் திரும்ப முடியாமல் போனது தக்க காரணமாக வாதிடக்கூடியது. ஒன்றிரண்டு நாள் கூடுதலாகத் தேவை என்றால் ஆண்டு விடுப்பை முன்கூட்டியே எழுதிக் கேட்பதே வழி. தீபாவளியன்றே கொழுந்து பறிக்க அழைத்தால், நாட்சம்பளக்காரருக்கு விடுமுறைச் சம்பளத்தோடு இன்னும் இரண்டு நாள் சம்பளம்; கிலோ கணக்கில் பறிப்பவருக்குக் கிலோவுக்கு இரட்டை விலை. கூட்டு ஒப்பந்தம் இதைவிடக் கூடுதலாகத் தரலாம், குறைத்துத் தர முடியாது. அப்படிக் குறைக்கும் விதியை வேலைவாய்ப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது.

ஓய்வு வயதை நெருங்கும் குடும்பம் இன்னொன்றையும் எண்ண வேண்டும். 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தபட்ச ஓய்வு வயது 60. தந்தைக்கு 58 வயதென்றால், பிள்ளைகள் போடும் புதுக்கூரையின் கீழ் அவர் கொண்டாடப்போவது இரண்டு தீபாவளி. தாயும் அதே தோட்டத்தில் வேலையில் தொடர்ந்தால் நிலைமை வேறு. அப்போது வீட்டைத் தாயின் பெயருக்கு மாற்றும்படி முன்பே கேட்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பணம் சொந்த வீட்டுக்கான முன்பணமாவதே நல்லது. வேலையோடு வீடும் முடிகிறது என்பதற்காக, வேலை முடிந்த மறுநாளே பொருட்களை வாசலில் எறிய நிர்வாகத்துக்கு உரிமை இருக்கிறது என்று அர்த்தமில்லை. வாடகைக் குடியிருப்பு முடிந்தபின் குடியிருப்பவரை நீதிமன்றம் வழியாகவே வெளியேற்ற வேண்டும் என்று 1950ஆம் ஆண்டுக் குறித்தவகை நிவாரணச் சட்டம் 7(2) சொல்கிறது. வேலையோடு வந்த வீடு வாடகையா, வெறும் அனுமதியா என்பது வழக்குக்கு வழக்கு மாறும். எதுவானாலும் கூரையைப் பிரிப்பது, மின்சாரத்தை வெட்டுவது போன்ற மிரட்டல்கள் வந்தால் அன்றே காவல் நிலையத்திலும் தொழிலாளர் இலாகாவிலும் புகார் பதிவாக வேண்டும்.

தோட்டத்துக்கு வெளியே, கம்போங் ராஜாவிலோ பெர்த்தாம் பள்ளத்தாக்கிலோ உள்ள பழைய வீடு என்றால் முதலில் நிலத்தின் தாளைப் பார்க்க வேண்டும். கேமரன் மலையில் வீடுகள் பல, எல்.பி.எஸ். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் நிற்பவை. அந்த உரிமம் எந்த மாதம் தரப்பட்டாலும் அதே ஆண்டு டிசம்பர் 31க்கு மேல் நீளாது. அதை விற்கவோ மாற்றவோ முடியாது. வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். தாத்தா பெயரில் உரிமம் இருந்த வீட்டை, அவர் காலமான பிறகு பேரப்பிள்ளைகள் சேர்ந்து புதுப்பித்தால் அது அரசு நிலத்தில் அனுமதியின்றிக் கட்டியதாகவே கருதப்படலாம். தாத்தா உயிரோடு இருக்கும்போதே மாவட்ட நில அலுவலகத்தில் அடுத்த தலைமுறையின் பெயரில் புதிய உரிமத்துக்கு விண்ணப்பித்து, அது கைக்கு வந்த பிறகு சுண்ணாம்பு குழைக்கலாம்.