பனித் தடத்திலிருந்து மலைவெளிக்கு: டிசம்பர் முதல் ஈஸ்டர் வரை செய்ய வேண்டியவை

நோர்வேயில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கான பருவகால ஆலோசனை

ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காடுகளின் மேட்டுப் பகுதிகளில் பனி தங்கத் தொடங்கும் காலம் இது. இனித் தடம் போடும் இயந்திரங்கள் இரவிரவாக ஓடும். பாடசாலையிலிருந்து ஸ்கீ நாள் பற்றிய அறிவித்தலும் வீட்டுக்கு வரும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே பழகிவிடுகிறார்கள். பெற்றோர் பலரோ வாகனத் தரிப்பிடத்தில் காத்திருந்தே பல குளிர்காலங்களைக் கழித்துவிட்டார்கள். இந்த ஆண்டு அவர்களும் தடத்தில் இறங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நாற்பது, ஐம்பது வயதில் தொடங்கினாலும் தடத்தில் ஸ்கீ ஓடப் பழகலாம். பெரிய செலவும் தேவையில்லை. ஒழுங்கைத்தான் விட்டுவிடக் கூடாது: முதல் குளிர்காலம் தடத்தில், அடுத்தது மலைவெளியில், செங்குத்துச் சரிவு அதற்கும் பிறகு. எந்தப் படியில் நிற்கிறீர்களோ அந்தப் படிக்குரிய சாமானை மட்டும் வாங்குங்கள். என்றோ ஒருநாள் ஏறப்போகும் சிகரத்தை நினைத்து வாங்கிய பாரமான ஸ்கீ தடத்தில் உங்களைக் களைப்படைய வைக்கும். பிறகு அது நிலவறையில்தான் கிடக்கும்.

இப்போதே: வாங்குமுன் இரவல் எடுங்கள்

பூஆ என்ற பெயரில் நாடெங்கும் இரவல் நிலையங்கள் இருக்கின்றன. ஸ்கீ, சப்பாத்து, கோல் மூன்றையும் அங்கே இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம். பெரியவர்களுக்கும் தருவார்கள். பனி விழுந்தபின் எல்லோரும் ஒரே நேரத்தில் தேடிப் போவார்கள் என்பதால் இந்த வாரமே உங்கள் பகுதி நிலையத்தின் திறப்பு நேரத்தைப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குப் புதிதாக வாங்க வேண்டாம். சப்பாத்து ஒரே குளிர்காலத்தில் சிறிதாகிவிடும். பாடசாலைகளும் உள்ளூர் விளையாட்டுக் கழகங்களும் நடத்தும் பண்டமாற்று நாட்களில் நல்ல சாமான் மலிவாகக் கிடைக்கும். வளர்ந்தவர்களும் முதல் பருவத்தை இரவல் சாமானிலோ பழைய சாமானிலோ ஓடிப் பார்த்துவிட்டு, கடைகள் விலை குறைக்கும் பருவ முடிவில் புதியதை வாங்கலாம்.

பயிற்சி வகுப்புக்கும் இப்போதே பதியுங்கள். 1883 இல் தொடங்கப்பட்ட ஷீஃபொரெனிங்கென் சங்கம்தான் ஒஸ்லோக் காடுகளின் தடங்களைப் பராமரிப்பதில் முன்னணியில் நிற்கிறது. ஒரு தடவையும் ஸ்கீயில் ஏறாத வளர்ந்தவர்களுக்கும் அது வகுப்பு நடத்துகிறது. நண்பரிடம் பழகுவதைவிட வகுப்பில் பழகுவது நல்லது. சிறுவயதிலிருந்தே ஸ்கீ ஓடியவருக்குத் தன் உடல் என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாது.

சப்பாத்தில் தொடங்குங்கள்

கடைக்குப் போனதும் கண் ஸ்கீயின் நிறத்தில்தான் நிற்கும். நீங்கள் சப்பாத்துப் பக்கம் போங்கள். கால் நொந்தால் எந்த ஸ்கீயும் உதவாது. குளிர்காலத்தில் போடும் கம்பளிக் காலுறையுடனேயே போட்டுப் பாருங்கள். விரல்கள் அசைய வேண்டும், குதிகால் மேலே எழக் கூடாது. இறுக்கமான சப்பாத்து இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். விரல் விறைப்பது பெரும்பாலும் அதனால்தான்.

அடுத்து, சப்பாத்தை ஸ்கீயில் பூட்டும் பைண்டிங். இன்று தடத்தில் ஓடும் சப்பாத்துகளில் பெரும்பாலானவை என்.என்.என். முறைக்குப் பொருந்துபவை. அவை ப்ரோலிங்க், டர்னமிக் பைண்டிங்குகளிலும் பூட்டும். பழைய எஸ்.என்.எஸ். முறைக்கு இப்போது புதிய சப்பாத்துக் கிடைப்பது அரிது. எனவே பழைய சாமான் வாங்கும்போது அதைத் தவிருங்கள். என்.என்.என். பி.சி. என்று போட்டிருந்தால் அது மலைவெளிக்கான தடித்த வகை. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் தடச் சப்பாத்து அதில் பூட்டாது.

எந்த ஸ்கீ?

கிளாசிக் ஸ்கீயின் நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்திருக்கும். ஒரு காலில் முழு எடையையும் போட்டு உதைக்கும்போது அந்த வளைவு பனியைத் தொட்டுப் பிடிக்கும். இரண்டு காலிலும் எடை பகிர்ந்திருக்கும்போது அது மேலெழுந்து, ஸ்கீ வழுக்கிச் செல்லும். உங்கள் உடல் எடைக்கு இந்த வளைவு பொருந்துகிறதா என்பதே ஸ்கீ வாங்குபவர் பார்க்க வேண்டிய முதல் விடயம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். சமமான தரையில் ஸ்கீகளின் மேல் இரண்டு காலிலும் நில்லுங்கள். பாதத்தின் கீழே ஒரு தாளைச் செருகி இன்னொருவர் இழுக்கட்டும். தாள் இலகுவாக அசைய வேண்டும். பிறகு ஒரே காலில் முழு எடையையும் போடுங்கள். இப்போது தாள் சிக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு முறையும் அசைந்தால் ஸ்கீ உங்களுக்குக் கடினம். மேட்டில் பின்னோக்கி வழுக்கும். இரண்டு முறையும் சிக்கினால் மிக மென்மை, சமதரையிலும் இழுபடும்.

நீளம் உங்கள் உயரத்தைவிட 15 முதல் 20 செ.மீ. கூடுதலாக இருக்கலாம். கிளாசிக் கோல் உயரத்தில் ஏறக்குறைய 85 சதவீதம். 165 செ.மீ. உயரமானவருக்கு 180–185 செ.மீ. ஸ்கீயும் 140 செ.மீ. கோலும் பொருந்தும். ஸ்கேட்டிங் முறைக்கு வேறு ஸ்கீ, வேறு சப்பாத்து, நீண்ட கோல் வேண்டும். அதை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள்.

தொடங்குபவருக்கு ஏற்றது கடையில் ஃபெல்லெஸ்கி என்று கேட்டால் தரும் வகை. அதன் அடியில் மோஹேர் மயிர்ப்பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். பூனையின் முதுகை ஒரு பக்கம் தடவினால் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் தடவினால் தடையாகவும் இருப்பதுபோல, அந்தப் பட்டை முன்னோக்கி வழுக்கும், பின்னோக்கிப் பிடிக்கும். பூச்சியப் பாகையைச் சுற்றி வெப்பநிலை ஏறி இறங்கும் ஒஸ்லோக் குளிர்காலத்துக்கு இது பெரிய உதவி. ஓடி முடிந்ததும் பட்டையைத் துடைத்து, அறை வெப்பத்தில் காயவிடுங்கள்.

மெழுகு பூசும் ஸ்கீ வைத்திருப்பவர்கள் ஒரே மெழுகில் தொடங்கலாம். சுவிக்ஸ் வி 40 என்ற நீல மெழுகு புதுப்பனியில் −1 முதல் −7 பாகை வரை பிடிக்கும். தடிப்பாக ஒரே தடவையில் பூசாமல் மெல்லிய படைகளாகப் பூசி, ஒவ்வொரு படையையும் தக்கையால் தேய்த்து விடுங்கள். புளோரின் கலந்த பழைய மெழுகு வீட்டில் இருந்தால் பாவிக்க வேண்டாம். அந்தச் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடும். சர்வதேச ஸ்கீ சம்மேளனமும் 2023–24 பருவத்திலிருந்து போட்டிகளில் அதைத் தடைசெய்துவிட்டது.

உடுப்பும் சாப்பாடும்

- உடலை ஒட்டி மெல்லிய கம்பளி உடை, அதன்மேல் காற்றுத் தடுக்கும் மேற்சட்டை. பருத்தியும் ஜீன்சும் வேண்டாம். வியர்வையில் நனைந்த பருத்தி உடலின் சூட்டை உறிஞ்சிவிடும்.
- புறப்படும்போது இலேசாகக் குளிர வேண்டும். வீட்டு வாசலிலேயே சூடாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும்.
- முதுகுப்பையில் ஒரு தடித்த மேலங்கி, மாற்றுக் கையுறை, சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணி, இனிப்பு ஏதாவது. தரித்து நிற்கும்போது உடனே மேலங்கியைப் போடுங்கள்.
- டிசம்பரில் ஒஸ்லோவின் பகல் ஏறக்குறைய 6 மணி நேரம்தான். தலைவிளக்கு எப்போதும் பையில் இருக்கட்டும்.

டிசம்பரும் ஜனவரியும்: தடம்

முதல் சில நாட்களுக்குச் சமதரை தேவை. பனிமூடிய கோல்ஃப் மைதானங்களும் வயல்வெளிகளும் நல்ல இடங்கள். மாலை வேலை முடிந்து வருபவர்களுக்கு விளக்குப் போட்ட தடங்கள் உண்டு. குரூருட்டாலனில் வசிப்பவர்களுக்கு லில்லோமார்க்காக் காடு வீட்டுப் பின்வாசலிலேயே இருக்கிறது. சுரங்க ரயிலின் 1 ஆம் இலக்கப் பாதையில் ஸ்கீயோடு ஏறி ஃப்ரோக்னர்செத்தரன் வரை போகலாம். ஆனால் அங்கே இறக்கங்கள் அதிகம். நிறுத்தப் பழகியபின் போங்கள்.

முதலில் கோல் இல்லாமல் ஓடிப் பழகுங்கள். சமநிலை காலில்தான் வர வேண்டும். அதன்பின் ஸ்கீயின் பின்முனைகளை அகட்டி, முன்முனைகளை நெருக்கி, உள்விளிம்பில் அழுத்தி வேகம் குறைக்கும் முறையைச் சின்ன இறக்கத்தில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். விழப்போகிறீர்கள் என்று தெரிந்தால் பக்கவாட்டில், இடுப்பில் விழுங்கள். கையை ஊன்ற வேண்டாம்.

வலப்பக்கமாக ஓடுங்கள். இறக்கத்தில் வருபவருக்கு வழி விடுங்கள். நிற்க வேண்டுமானால் தடத்திலிருந்து விலகி நில்லுங்கள். சப்பாத்துக் காலோடு தடத்தில் நடக்காதீர்கள். எந்தத் தடம் எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதை ஸ்கிஸ்போரெ இணையத்தளத்தில் பார்த்துவிட்டுப் புறப்பட்டால் வீண் அலைச்சல் இல்லை.

பெப்ரவரி முதல் ஈஸ்டர் வரை: மலைவெளி

10 கிலோமீட்டர் தடத்தைக் களைப்பில்லாமல் ஓடி, இறக்கத்தில் விரும்பிய இடத்தில் நிற்க முடிந்தால் மரமில்லாத மலைவெளியை நினைக்கலாம். அங்கே தடம் இருக்காது, காற்று பனியை இறுக்கியிருக்கும். அதற்குரியது உருக்கு விளிம்புள்ள, சற்று அகன்ற மலை ஸ்கீ. கணுக்காலைத் தாங்கும் உயரச் சப்பாத்து, அதற்கேற்ற பி.சி. பைண்டிங் அல்லது எக்ஸ்ப்ளோர் பைண்டிங், அடியில் பெரிய வட்டமுள்ள கோல், ஏற்றத்தில் ஒட்டிக் கழற்றக்கூடிய குறும்பட்டை ஆகியவையும் சேர வேண்டும். இதையும் முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

காற்றைக் கணக்கில் எடுங்கள். வெப்பமானி −10 காட்டும் நாளில் வினாடிக்கு 10 மீட்டர் காற்று வீசினால் வெறும் தோலுக்கு அது −20 போலத் தாக்கும். மேகம் இறங்கினால் வானும் தரையும் ஒரே வெள்ளையாகி, மேடு எது பள்ளம் எது என்று தெரியாது. எனவே தொலைபேசி வரைபடத்தோடு தாள் வரைபடமும் திசைகாட்டியும் எடுங்கள். குளிரில் தொலைபேசியின் மின்கலம் விரைவில் இறங்கும். பனிமண்வெட்டியும், எல்லோரும் உள்ளே ஒதுங்கக்கூடிய காற்றுத்தடுப்புச் சாக்கும் பையில் இல்லாமல் மரவெல்லையைத் தாண்ட வேண்டாம்.

1868 இல் தொடங்கப்பட்ட நோர்வே மலையேற்றச் சங்கமான டே.என்.டே. முக்கிய குளிர்காலப் பாதைகளில் கம்புகள் நட்டு வழி காட்டுகிறது. கோடையில் பார்த்த சிவப்பு டி குறிகள் பனிக்குள் புதைந்திருக்கும், அவற்றை நம்பாதீர்கள். கம்பு நட்ட பாதையில், ஆளுள்ள விடுதிக்கு, ஒருநாள் பயணமாகத் தொடங்குங்கள். பேர்கன் ரயில் பாதையில் 1222 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபின்சே நிலையத்தில் இறங்கினால் ரயில் மேடையிலிருந்தே ஸ்கீ மாட்டலாம். நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம் அது. அழகான இடம், காற்றுக்குத் திறந்த இடமும்கூட.

மலைக்கான ஒன்பது விதிகளைக் குடும்பமாக உட்கார்ந்து வாசியுங்கள். 1967 ஈஸ்டரில் மலையில் நேர்ந்த பல மரணங்களுக்குப் பிறகு அவை நாடெங்கும் பரப்பப்பட்டன. க்விக் லுன்ஷ் சொக்லேட் உறையின் உட்பக்கத்திலும் அச்சிடப்பட்டன. நேரத்தோடு திரும்புங்கள், திரும்புவதில் வெட்கமில்லை என்று சொல்லும் விதியை ஒவ்வொருவரும் மனதில் பதிக்க வேண்டும். திரும்பும் மணியை வீட்டிலேயே முடிவுசெய்யுங்கள். குழுவில் மிகவும் களைத்தவர் திரும்பலாம் என்றால் எல்லோரும் திரும்புங்கள்.

செங்குத்துச் சரிவு: இந்த ஆண்டு படிப்பு மட்டும்

சிகரம் ஏறிச் சறுக்கி இறங்கும் படங்களைப் பார்த்துப் பிள்ளைகள், முக்கியமாக இருபது வயதை ஒட்டியவர்கள், தாங்களும் போகலாமா என்று கேட்பார்கள். மறுக்காதீர்கள், வகுப்புக்கு அனுப்புங்கள். பனிச்சரிவு பெரும்பாலும் 30 பாகைக்கு மேற்பட்ட சாய்விலிருந்து புறப்படுகிறது. ஆளைப் புதைக்கும் பனிச்சரிவை மிகப் பெரும்பாலும் அந்த ஆளோ அவருடன் வந்தவரோதான் தூண்டிவிடுகிறார். சமமான பள்ளத்தாக்கில் ஓடினாலும் மேலே செங்குத்துச் சரிவு இருந்தால் பனிச்சரிவு உங்கள் மேல் வரலாம். மலை ஸ்கீ ஓடுபவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

வார்சொம் தளம் டிசம்பர் 1 முதல் மே 31 வரை பனிச்சரிவு முன்னறிவிப்பைத் தினமும் வெளியிடுகிறது. அபாயம் 1 முதல் 5 வரை. 3 என்றால் நடுத்தரம் என்று எண்ணிவிட வேண்டாம், அது கணிசமான அபாயம். உயிரிழப்புகள் பல அந்த நாட்களில் நேர்கின்றன. சாய்வு காட்டும் வரைபடமும் அங்கேயே இருக்கிறது.

செங்குத்துப் பகுதிக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் மூன்று சாமான்கள் இருக்க வேண்டும்: 457 கிலோஹெர்ட்சில் இயங்கும் தேடற்கருவி, துழாவும் நீள்கம்பி, உலோக மண்வெட்டி. புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10–15 நிமிடங்களுக்குப் பிறகு மிக வேகமாகக் குறைகிறது. மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க நேரமில்லை, தோண்டுபவர் பக்கத்தில் நிற்கும் நண்பர்தான். பாவிக்கப் பழகாதவர் கையில் இந்தக் கருவிகளால் பயனில்லை.

ஆபத்தில்

மலையில் ஒருவர் காணாமற்போனாலோ விபத்து நேர்ந்தாலோ 112, மருத்துவ அவசரத்துக்கு 113. யெல்ப் 113 செயலி நீங்கள் நிற்கும் இடத்தை உதவி மையத்துக்குக் காட்டும். நோர்வேயில் மீட்புக்குப் பணம் கேட்பதில்லை. செலவை நினைத்தோ வெட்கப்பட்டோ அழைப்பைத் தாமதிக்க வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. வீட்டிலுள்ள ஸ்கீ, சப்பாத்து, கோலை எடுத்துப் பிள்ளைகளின் இன்றைய அளவோடு ஒப்பிடுங்கள்.
2. இல்லாதவற்றை இரவல் நிலையத்தில் கேளுங்கள்.
3. வளர்ந்தவர் ஒருவராவது தொடக்க வகுப்புக்குப் பதியுங்கள்.
4. தலைவிளக்கின் மின்கலத்தை மாற்றுங்கள்.
5. யெல்ப் 113 செயலியைத் தொலைபேசியில் போடுங்கள்.
6. பக்கத்து வீட்டிலோ வேலையிடத்திலோ இதுவரை ஸ்கீயில் ஏறாத ஒருவரையும் கூட அழையுங்கள். இருவராகத் தொடங்கினால் வகுப்பைத் தவறவிட மனம் வராது.