இசைப்பலகையின் முன் நாற்பது ஆண்டுகள்

மாணவர்களே, மார்ட்டின் லூதர் கிங் என்னும் பெயரை நீங்கள் சமூக அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அமெரிக்க நாட்டில் கறுப்பின மக்களின் உரிமைக்காக அறவழியில் போராடியவர். காந்தியடிகளைத் தம் வழிகாட்டியாகக் கொண்டவர். 1964ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். இப்பாடம் அவரைப் பற்றியதன்று; அவருடைய தாயார் ஆல்பர்ட்டா வில்லியம்ஸ் கிங் அம்மையாரைப் பற்றியது. மகனைப் பற்றிய நூல்களில் தாய்க்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஓரிரு பத்திகளே. நாற்பது ஆண்டுக்காலம் ஓர் ஆலயத்தில் இசைத்தொண்டு புரிந்த ஒருவருக்கு அது போதாது.

ஆல்பர்ட்டா 1904ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகரான அட்லாண்டாவில் பிறந்தார். தந்தை ஆடம் டேனியல் வில்லியம்ஸ், அந்நகரின் எபெனேசர் பாப்திஸ்து ஆலயத்தில் போதகர். தாய் ஜென்னி செலஸ்ட். அக்காலத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர்க்குத் தனிப் பள்ளி, தனி இருக்கை, தனிக் குடிநீர்க் குழாய் எனச் சட்டத்தாலேயே வேலி போட்டு வைத்திருந்தனர். அம்மக்கள் பிறர் தலையீடின்றித் தாமே நடத்திக்கொண்ட இடங்களுள் முதன்மையானது ஆலயம். வழிபாட்டுடன் கல்வியும் கலையும் பொதுக்கூட்டமும் ஏழைகளுக்கான உதவியும் அங்கேதான் நடந்தன. அத்தகைய ஆலயத்தின் நிழலில் வளர்ந்த ஆல்பர்ட்டா, இசையையும் அங்கேயே பழகினார்.

அவர் விரும்பிய தொழில் ஆசிரியப் பணி. வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஹாம்ப்டன் நிறுவனத்தில் பயின்று 1924ஆம் ஆண்டு ஆசிரியர் சான்றிதழ் பெற்றார். சிறிது காலம் கற்பிக்கவும் செய்தார். 1926ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், பிற்காலத்தில் மூத்த மார்ட்டின் லூதர் கிங் என அறியப்பட்டவரை மணந்தார். அத்துடன் வேலை போயிற்று! திருமணமான பெண்கள் ஆசிரியராகப் பணியாற்றக் கூடாது என்பது அந்நகரப் பள்ளிகளின் விதி. ஆண்களுக்கு அப்படி ஒரு விதி இல்லை. உங்கள் அன்னையருள் பலர் வங்கியிலும் அலுவலகத்திலும் பள்ளியிலும் பணியாற்றுகின்றனர்; அவர்களிடம் இச்செய்தியைச் சொல்லிப் பாருங்கள்.

கணவரும் வேற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி நகருக்கு வந்தவர்தாம். குத்தகை நிலத்தில் உழைத்த உழவர் குடும்பம் அவருடையது. பள்ளிக் கல்வியே முழுமையாகக் கிடைக்காத அவர், ஆல்பர்ட்டாவின் ஊக்கத்தால் படிப்பைத் தொடர்ந்து, 1930ஆம் ஆண்டு மோர்ஹவுஸ் கல்லூரியில் பட்டம் பெற்றார். மறு ஆண்டு ஆல்பர்ட்டாவின் தந்தை மறைந்தபின், எபெனேசர் ஆலயத்தின் போதகர் பொறுப்பை ஏற்றார்.

ஆல்பர்ட்டாவின் இசைப்பணி 1932ஆம் ஆண்டு தொடங்கியது. அப்போது அவருக்குக் கிறிஸ்டீன், மார்ட்டின், ஆல்ஃபிரட் என்னும் மூன்று குழந்தைகள்; மூவரும் ஐந்து வயதைத் தாண்டாதவர்கள். இந்நிலையில் ஆலயப் பாடகர் குழுவை உருவாக்கி, அதன் இயக்குநராகவும் ஆர்கன் இசைஞராகவும் விளங்கினார். 1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட சிறு இடைவெளி நீங்கலாக, 1972 வரை அப்பணி தொடர்ந்தது.

ஆர்கன் என்பது எளிய கருவியன்று. ஆர்மோனியத்தில் ஒரு கை காற்றுத் துருத்தியை இயக்க, மறு கை கட்டைகளின்மேல் ஓடும். ஆலயங்களில் உள்ள ஆர்கனிலோ ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டோ அதற்கு மேற்பட்டோ இசைப்பலகைகள் இருக்கும். இரு கைகளும் அவற்றில் ஓடும்போது, கீழே வரிசையாக உள்ள மிதிகட்டைகளைப் பாதங்கள் பார்வையின் துணையின்றியே தேடி மிதிக்க வேண்டும். கண்களோ போதகரையும் பாடகர் குழுவையும் பார்த்தபடி இருக்க வேண்டும். பாடலுக்கு முன்னிசை தருவது, கூட்டத்தினர் தாளம் தளர்ந்தால் இழுத்துப் பிடிப்பது, வேண்டுதல் நீண்டால் மெல்லிய இசையால் அதைத் தாங்குவது எல்லாம் இசைஞரின் வேலையே. அவர் சரியாகச் செய்யும் வரை அவர் இருப்பதையே பலர் உணர்வதில்லை. ஒரு கட்டை பிசகினால் அனைவரும் திரும்பிப் பார்ப்பர். ஞாயிறு வழிபாடு கண்ணுக்குத் தெரியும் பகுதி. வாரநாளில் நடக்கும் ஒத்திகை, திருமணம், நள்ளிரவில் வந்து சேரும் இறப்புச் செய்தி, மறுநாள் நல்லடக்கத்திற்கு வேண்டிய பாடல்கள் ஆகியவை தெரியாத பகுதி. இவ்வேலையை நாற்பது ஆண்டு செய்தவரைப் ‘போதகரின் மனைவி’ என்று மட்டும் குறிப்பிடுவது நியாயமாகுமா?

வீட்டிலும் இசை இருந்தது. பிள்ளைகள் மூவரும் பியானோ கற்றனர். ஆண்பிள்ளைகள் இருவருக்கும் அதில் நாட்டம் இல்லை. பியானோ ஆசிரியர் அமரும் பலகையின் கால்களை ஒருமுறை அவர்கள் தளர்த்தி வைத்துவிட்டதாகப் பிற்காலத்தில் மூத்தவர் கிறிஸ்டீன் எழுதியுள்ளார்! ஆயினும் பாட்டு மார்ட்டினுக்கு வாய்த்தது. சிறு வயதில், தாய் பியானோ இசைக்க, அவன் பல ஆலயங்களில் பாடினான்.

மார்ட்டினுக்கு ஆறு வயதானபோது நிகழ்ந்தது இது. எதிர்த் தெருக் கடைக்காரரின் மகனான வெள்ளையினச் சிறுவன் ஒருவன் அவனுக்கு நெருங்கிய தோழன். பள்ளியில் சேரும் காலம் வந்ததும், இனி உன்னோடு விளையாடக் கூடாது எனத் தந்தை சொல்லிவிட்டார் என்று அத்தோழன் கூறினான். மார்ட்டின் கலங்கிப்போய் வீட்டில் கேட்டான். தாய் அவனை மடியில் அமர்த்தி, தம் முன்னோர் அடிமைகளாக இருந்த வரலாற்றையும் அது முடிவுக்கு வந்த வகையையும் சொன்னார். இப்பாகுபாடு இயற்கை வகுத்ததன்று, மனிதர் வகுத்தது என விளக்கினார். நீ எவருக்கும் குறைந்தவன் அல்லன் என்பதை அவன் நெஞ்சில் பதியுமாறு உரைத்தார். ஆறு வயதுக் குழந்தையிடம் இக்கொடிய உண்மையை எவ்வளவு சொல்வது, எவ்வாறு சொல்வது என்பது எந்தத் தாய்க்கும் கடினமானதே. அவர் உண்மையை மறைக்கவில்லை, வெறுப்பையும் ஊட்டவில்லை. இந்நிகழ்ச்சியை மார்ட்டின் பல ஆண்டுகளுக்குப் பின் தம் நூலில் நினைவுகூர்ந்தார்.

வேலையை விட்ட ஆல்பர்ட்டா, படிப்பை விடவில்லை. 1938ஆம் ஆண்டு மோரிஸ் பிரவுன் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்றார். வீடு, மூன்று பிள்ளைகள், ஆலயம், ஒத்திகை ஆகியவற்றுக்கு நடுவே பெற்ற பட்டம் அது.

அவர் வாழ்வில் இன்றும் விவாதத்திற்குரிய ஒரு நிகழ்ச்சி உண்டு. 1939ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ‘கான் வித் த விண்ட்’ என்னும் திரைப்படத்தின் முதற்காட்சி அட்லாண்டாவில் நடைபெற்றது. அடிமை முறை நிலவிய காலத்தைப் பொற்காலம்போல் காட்டிய படம் அது. அதையொட்டி வெள்ளையினத்தவர்க்காக நடந்த விருந்து நடனத்தில் பாட எபெனேசர் குழு அழைக்கப்பட்டது. ஆல்பர்ட்டா தலைமையில் குழுவினர் அடிமைகளின் உடையில் நின்று, தம் முன்னோரின் பக்திப் பாடல்களைப் பாடினர். பத்து வயது மார்ட்டினும் அவர்களுள் ஒருவன். படத்தில் நடித்த கறுப்பினக் கலைஞர்களோ முதற்காட்சிக்கு வர இயலவில்லை. ஆலயத்தார் இதற்கு உடன்பட்டது தவறு எனக் கறுப்பினத்தவரிடையே கண்டனம் எழுந்தது. பாடல்கள் உயர்ந்தவை, பாடச் சொன்ன இடமும் அணியச் செய்த உடையும் இழிவுபடுத்துபவை. இதில் கண்டித்தவர்கள் பக்கமே நியாயம் மிகுதி என்று தோன்றுகிறது. ஆயினும் அந்நாளைய அட்லாண்டாவில் அழைப்பை மறுப்பது எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்பதையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆல்பர்ட்டாவின் பணி ஓர் ஆலயத்தோடு நிற்கவில்லை. எபெனேசர் ஆலயத்தின் மகளிர் குழுவை அமைத்துத் தலைமை தாங்கினார். தேசிய பாப்திஸ்து மாநாட்டின் மகளிர் துணைச் சபைக்கு 1950 முதல் 1962 வரை ஆர்கன் இசைஞராக இருந்தார். பிள்ளைகள் அவரை ‘மதர் டியர்’ என்றே அழைத்தனர். ‘அன்பு அம்மா’ என்பது அதன் பொருள். 1948ஆம் ஆண்டு வெளியூரில் இறையியல் பயின்ற மார்ட்டின், உலகிலேயே சிறந்த தாய் தமக்கே வாய்த்திருப்பதாக உடன்பயில்வோரிடம் அடிக்கடி கூறுவதாய்த் தாய்க்குக் கடிதம் எழுதினார். 1959ஆம் ஆண்டு அவர் இந்தியா வந்தபோது நம் கன்னியாகுமரிக்கும் சென்று, கடலில் கதிரவன் மறைவதையும் நிலவு எழுவதையும் கண்டார். 1964ஆம் ஆண்டு அவர் ஆஸ்லோவில் நோபல் பரிசு பெற்றபோது ஆல்பர்ட்டாவும் உடனிருந்தார்.

மகனின் புகழோடு அச்சமும் வளர்ந்தது. 1956ஆம் ஆண்டு மார்ட்டினின் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டது. 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் மெம்ஃபிஸ் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மாலைக் கூட்டத்தில் ஆலயப் பாடல் ஒன்றை இனிமையாக இசைக்குமாறு இசைக்கலைஞர் ஒருவரைக் கேட்டுக்கொண்டதே அவர் இறுதியாகப் பேசிய பேச்சு. மறு ஆண்டு ஜூலை மாதம் இளைய மகன் ஆல்ஃபிரட், வீட்டு நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார். பதினாறு மாதங்களுக்குள் இரண்டு மகன்களை இழந்தார் அத்தாய். அதன் பின்னும் ஞாயிறுதோறும் ஆர்கன் முன் அமர்ந்தார். 1972இல் பொறுப்பிலிருந்து விலகிய பிறகும் இசைப்பதை நிறுத்தவில்லை.

1974ஆம் ஆண்டு ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. எபெனேசர் ஆலயத்தில் காலை வழிபாடு நடந்துகொண்டிருந்தது. ஆல்பர்ட்டா ஆர்கனில் கர்த்தருடைய செபத்தை இசைத்து முடித்திருந்தார். அவையில் அமர்ந்திருந்த 23 வயது இளைஞன் ஒருவன் எழுந்து துப்பாக்கியால் சுட்டான். ஆல்பர்ட்டாவும், எட்வர்ட் பாய்கின் என்னும் ஆலய ஊழியரும் உயிரிழந்தனர். அப்போது ஆல்பர்ட்டாவுக்கு வயது 69.

நீதிமன்றம் அவ்விளைஞனுக்கு மரண தண்டனை விதித்தது. மரண தண்டனையை ஏற்பதில்லை என்பது கிங் குடும்பத்தாரின் நிலைப்பாடு; தம் தாயைக் கொன்றவனுக்கும் அவர்கள் அதை மாற்றிக்கொள்ளவில்லை. அதுவும் ஒரு காரணமாக, 1995ஆம் ஆண்டு அத்தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

சொற்பொருள்

போதகர் – ஆலயத்தில் வழிபாடு நடத்தி அறிவுரை வழங்குபவர்
நல்லடக்கம் – இறந்தவரை வழிபாட்டுடன் அடக்கம் செய்தல்
துருத்தி – காற்றை உட்செலுத்தும் பை
ஒத்திகை – முன்பயிற்சி
நாட்டம் – விருப்பம்
பிசகுதல் – தவறுதல்

பயிற்சி

1. ஆல்பர்ட்டா ஆசிரியப் பணியைத் தொடர முடியாமற்போனது ஏன்?

2. ‘அவர் சரியாகச் செய்யும் வரை அவர் இருப்பதையே பலர் உணர்வதில்லை.’ இத்தொடர் பொருந்தும் வேறு இரண்டு பணிகளைக் கூறி, காரணம் எழுதுக.

3. 1939ஆம் ஆண்டு விருந்தில் பாடகர் குழு பாடியது சரியா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து தமிழில் உரையாடுக.

4. பிரித்து எழுதுக: அக்காலத்தில், இசைப்பலகை, நல்லடக்கம், ஞாயிறுதோறும்.

5. உங்கள் குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து இவ்வூருக்கு வந்தபோது, அம்மா அல்லது பாட்டி விட்டுவிட்டு வந்த வேலை, படிப்பு, கலை ஏதேனும் உண்டா? அவரிடமே கேட்டு, அவர் சொன்னவற்றைப் பத்து வரிகளில் எழுதி வருக.