டிஸ்கஷன் அறையில் உலவும் நம்பிக்கைகள்

கோடம்பாக்கத்தில் 'டிஸ்கஷன்' என்றால் கதையைப் பேசிப் பேசியே உருவாக்கும் வேலை. இயக்குநர், நாலைந்து உதவி இயக்குநர்கள், வசனகர்த்தா, ஓயாமல் வரும் டீ. இதே வேலை இன்று வெப் சீரிஸ் எழுத்தாளர் குழுக்களிலும் விளம்பர நிறுவனங்களிலும் நடக்கிறது. எல்லா வகை ஆட்களும் குழுவில் இருக்க வேண்டும் என்ற பேச்சும் இப்போது பலமாகக் கேட்கிறது. பேச்சு சரிதான். அதை ஒட்டி வளர்ந்திருக்கும் நம்பிக்கைகள்தான் இடிக்கின்றன.

நம்பிக்கை: பலர் கூடிப் பேசினால் யோசனை கொட்டும்.

இதைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர். அவருடைய புத்தகம் 1953இல் வந்தது. 1958இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர் சொன்னதைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் சேர்ந்து யோசித்ததைவிட, நான்கு பேர் தனித்தனியே யோசித்ததன் கூட்டுப் பட்டியல் ஏறக்குறைய இரு மடங்கு நீளமாக இருந்தது. முக்கியமான காரணம் என்னவென்று 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இருவர் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பிலேயே பாதி யோசனை செத்துப்போகிறது.

அதற்காக டிஸ்கஷனை மூட வேண்டியதில்லை. முதலில் ஆளுக்கொரு தாளில் எழுதிவிட்டு, பிறகு பேசலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு இது பெரிய உதவி. இயக்குநர் தன் காட்சியை நடித்தே காட்டி முடித்துவிட்டு "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டால், "சூப்பர் சார்" என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்?

நம்பிக்கை: சண்டை சச்சரவில்லாமல் ஓடுவதே நல்ல குழு.

நான் மிகவும் சந்தேகப்படும் நம்பிக்கை இது. காத்ரின் ஃபிலிப்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2009இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் சங்கங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெருமை, தனிக் கூட்டு. ஒரே சங்கத்தைச் சேர்ந்த மூவரிடம் ஒரு கொலை வழக்கின் தடயங்களைக் கொடுத்து, குற்றவாளி யார் என்று கேட்டார்கள். சற்று நேரத்தில் நான்காவது ஆள் வந்து சேர்ந்தார். சில குழுக்களுக்கு அவர் சொந்தச் சங்கத்துக்காரர், சில குழுக்களுக்கு அந்நியர். அந்நியர் வந்த குழுக்களே சரியான விடையை அதிகம் கண்டுபிடித்தன. ஆனால் 'நாங்கள் சரியாகத்தான் செய்தோம்' என்ற நம்பிக்கை அவர்களிடம் குறைவு. தம் ஆள் மட்டுமே வந்த குழுக்களில் பல தவறான விடையோடு திருப்தியாக எழுந்து போயின.

இதில் கவனிக்க வேண்டியது, அந்நியர் ஏதோ புதுத் தகவலைக் கொண்டுவந்துவிடவில்லை. வெளியாள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதாலேயே பழைய மூவரும் தங்களுக்குள் இருந்த கருத்து வேறுபாட்டை மறைக்காமல் எடுத்துவைத்தார்கள். கலந்த குழுவில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்யும். 'செட் ஆகலை' என்று ஒருவரை அனுப்பிவிடும் தலைவர், பல நேரம் அந்த நெருடலைத்தான் அனுப்பிவிடுகிறார்.

நம்பிக்கை: ஒரு பெண்ணைச் சேர்த்தாயிற்று, வேலை முடிந்தது.

சேர்த்த பிறகு அவரிடம் நாயகியின் காட்சிகளைப் பற்றி மட்டும் கேட்பார்கள். தனி ஒருவராக ஒரு கூட்டத்துக்கு எதிராகப் பேசுவது யாருக்கும் கடினம். சாலமன் ஆஷ் 1950களில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி நடத்திய சோதனைகளில், மற்ற எல்லாரும் தவறாகச் சொன்னபோது பலரும் சில தடவையாவது கண்ணெதிரே தெரிந்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்தார்கள். துணைக்கு ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னதும் அப்படிப் பணிந்துபோவது வெகுவாகக் குறைந்தது. ஆக, ஒருவரைச் சேர்ப்பதற்கும் இருவரைச் சேர்ப்பதற்கும் வித்தியாசம் பெரியது.

உட்காரும் இடம்கூடக் குறுக்கே நிற்கும். அனிமேஷன் படங்கள் எடுக்கும் பிக்ஸார் நிறுவனத்தில் நீண்டு ஒடுங்கிய ஒரு மேசையைச் சுற்றித்தான் பதின்மூன்று ஆண்டுகள் கூட்டம் நடந்தது. நடுவில் தலைவர்கள், பெயர் அட்டை வைத்து. ஓரத்தில் இருந்தவர்கள் பேச்சில் கலக்கவே முடியவில்லை. நடுவில் இருந்தவர்களுக்கோ எல்லாரும் பேசுவதாகவே தோன்றியது. நிறுவனத்தின் அன்றைய தலைவர் எட் கேட்மல் இதைத் தன் புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

நம்பிக்கை: ராசியான பழைய டீமே போதும். (இதன் மறுபக்கம்: எல்லாம் புதுரத்தமாக இருக்கட்டும்.)

1945 முதல் 1989 வரையிலான பிராட்வே இசை நாடகங்களை உஸ்ஸி, ஸ்பைரோ என்ற இருவர் ஆராய்ந்தார்கள். ஒருவரையொருவர் அளவுக்கு மீறிப் பழகிய கலை உலகமும் சரி, அறவே பழகாததும் சரி, சறுக்கின. இரண்டுக்கும் நடுவில்தான் வெற்றி. 1957இன் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் பெர்ன்ஸ்டைன், ராபின்ஸ், லாரன்ட்ஸ் என்ற அனுபவசாலிகளோடு பாட்டெழுத வந்த சோன்ட்ஹைமுக்கு வயது 27. நம் பக்கம் 'ரோஜா' (1992): மணிரத்னம், வைரமுத்து, சந்தோஷ் சிவன், கூடவே முதல் படத்துக்கு இசையமைக்கும் 25 வயது ரஹ்மான். இந்த இரண்டை மட்டும் வைத்து விதி எழுதக் கூடாது என்பது எனக்கும் தெரியும்.

நம்பிக்கை: குழு என்றால் எல்லாரும் சம்மதிக்க வேண்டும்.

வேண்டியதில்லை. ஜெமினி ஸ்டூடியோவில் கதைக்கென்றே ஒரு இலாகா இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு, கே.ஜே. மகாதேவன், சங்கு சுப்பிரமணியம் போன்றோர் 'சந்திரலேகா'வின் (1948) கதையில் கைவைத்தார்கள். இறுதி முடிவு ஸ்டூடியோ முதலாளி எஸ்.எஸ். வாசனுடையது, இயக்கத்தையே தம் கையில் எடுத்துக்கொண்டவர் அவர்.

பிக்ஸாரில் 'பிரெயின்டிரஸ்ட்' என்ற கூட்டம் உண்டு. படம் எங்கே தொய்கிறது என்று சக இயக்குநர்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள். அதை ஏற்பதும் விடுவதும் இயக்குநரின் உரிமை. பேசுகிறவர் கையில் அதிகாரம் இல்லாததால்தான் அவர் சொல்வது காதில் ஏறுகிறது. தான் இருந்தால் மற்றவர்கள் மனம் திறக்கமாட்டார்கள் என்பதால், நிறுவனத்தின் அன்றைய முதலாளி ஸ்டீவ் ஜாப்ஸே அந்தக் கூட்டங்களுக்கு வருவதில்லை என்று கேட்மலோடு பேசி ஒப்புக்கொண்டிருந்தார். நம் டிஸ்கஷன் அறைகளிலோ தயாரிப்பாளரின் மைத்துனர் வரைக்கும் நாற்காலி உண்டு.